காருக்காக வந்தோம், காருக்காகப் போகிறோம்

தோட்டத்திற்குள் ஒரு நாள் காலையில் முன்பின் தெரியாத நாலு பேர் வந்து இறங்குவார்கள். முக்காலி நிறுத்திக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். மரத்தில் சிவப்புச் சாயம் பூசுவார்கள். துணி கட்டிய கழியை வரிசையாக நட்டுக்கொண்டே போவார்கள். என்னங்க இது என்று கேட்டால், "ரோடு வரப்போவுது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நம் ஆட்களும், "ரோடு வந்தா நல்லதுதானே, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போக வசதி" என்று சொல்லிவிட்டு வெளிக்காட்டுக்குப் போய்விடுவார்கள்.

ரோடு வருவது நல்லதுதான். ஆனால் அது யாருக்காக வருகிறது, வந்த பிறகு லயத்தில் யார் இருப்பார்கள் என்ற இரண்டு கேள்வியையும் அன்றே கேட்டாக வேண்டும். கோலாலம்பூரைச் சுற்றிக் கடந்த எழுபது ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால், தோட்டத்தின் ஜாதகத்தை எழுதியது துரையின் ஆபீஸ் மட்டுமல்ல, சாலைக்குக் கோடு கிழித்தவர்களும்தான் என்பது தெளிவாகத் தெரியும்.

கார்தான் நம்மைக் கூப்பிட்டது

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. நம் பாட்டன் பூட்டன்களைக் கப்பலேற்றி இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததே கார்தான். 1888-ல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தார். 1908-ல் அமெரிக்காவில் போர்டு கம்பெனி சாதாரண மனிதனும் வாங்கக்கூடிய காரைச் செய்யத் தொடங்கியது. டயருக்கு ரப்பர் வேண்டும். 1910-ல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போனது. காட்டை அழித்துப் பால்மரம் நட வெள்ளைக்காரக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஓடிவந்தன.

மரம் வெட்ட ஆள்? 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். கங்காணிமார் ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். அப்படி வந்தவர்களின் வாரிசுகள்தான் நாம். உலகத்துக் காரெல்லாம் உருண்டது நாம் வெட்டிய பாலில். நமக்கோ காட்டுக்குப் போகக் காலே வண்டி.

வந்ததும் காருக்காக, தோட்டத்தை விட்டுப் போவதும் காருக்காக என்று நாம் சொல்வது வார்த்தை அலங்காரத்துக்கல்ல. நடந்ததை வரிசையாகப் பார்த்தால் புரியும்.

ஆற்றங்கரை ஊர் அகன்ற கதை

கோலாலம்பூர் கடற்கரைப் பட்டணமல்ல. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில், 1857-ல் ஈயம் தோண்ட வந்தவர்கள் இறங்கிய உள்நாட்டு ஊர். கடலுக்கும் அதற்கும் இடையில் சுமார் 40 கிலோமீட்டர். 1886-ல் கிள்ளான் பக்கம் ரயில் போட்டார்கள். அந்தத் தண்டவாளத்துக்கும் சாலைக்கும் இரு பக்கமும் பால்மரக் காடாக நின்றது. ஆகவே ஊர் எந்தப் பக்கம் வளர நினைத்தாலும் தோட்டத்தின் மேல்தான் கால் வைக்க வேண்டும். மலைக்காட்டை அழிப்பதைவிட, ஏற்கனவே வெட்டவெளியாக்கிச் சமப்படுத்தி, ஒரே கம்பெனியின் பேரில் ஆயிரக்கணக்கான ஏக்கராகக் கிடக்கும் தோட்டத்தை வாங்குவது சுலபம்.

முதல் பெரிய அடி 1950-களின் தொடக்கத்தில் விழுந்தது. கோலாலம்பூரில் நெரிசல் தாங்கவில்லை என்று எபிங்ஹாம் தோட்டத்தில் 1,200 ஏக்கரை எடுத்துப் பெட்டாலிங் ஜெயாவைக் கட்டினார்கள். 1960-களில் சுங்கை ரெங்கம் தோட்டத்தில் ஷா ஆலாம் எழும்பத் தொடங்கி, 1978-ல் அது சிலாங்கூரின் தலைநகராயிற்று. 1974-ல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகிச் சிலாங்கூரை விட்டுப் பிரிந்தது. மாநிலத்துக்கு வேறு தலைநகர் வேண்டியிருந்தது, அந்தத் தலைநகருக்குச் சாலை வேண்டியிருந்தது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலை 1970-களில் அகலமாயிற்று. 1976-ல் சீபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயா தொடங்கியது.

அப்புறம் வந்ததெல்லாம் வேகம். 1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறந்தாயிற்று. புக்கிட் ராஜாவிலிருந்து ஜாலான் டூத்தா வரை போகும் கிள்ளான் பள்ளத்தாக்குப் புதுச் சாலை அதற்கு முந்திய ஆண்டே ஓடத் தொடங்கியது. பிறகு ஷா ஆலாம் நெடுஞ்சாலை, டாமான்சாரா பூச்சோங் நெடுஞ்சாலை என்று ஒன்றன்பின் ஒன்று. 2005-ல் ஷா ஆலாம் பக்கத்திலிருந்து ரவாங் பக்கம் போகத் திறந்த சாலைக்குப் பேர் என்ன தெரியுமா? கத்ரி நெடுஞ்சாலை! நம் தாத்தாமார் செக்ரோல் புத்தகத்தில் பார்த்த அதே கத்ரி. தோட்டக் கம்பெனியின் பேரிலேயே டோல் சாலை வந்துவிட்டது என்றால், காலம் எந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்பதை வேறு எப்படிச் சொல்வது?

ஏக்கர் கணக்கு அடிக் கணக்கான விதம்

இது எப்படி நடக்கிறது? செம்பனையோ ரப்பரோ இருக்கும் வரை நிலத்துக்கு விலை ஏக்கர் கணக்கில். நெடுஞ்சாலையில் இறங்கும் வழி ஒன்று பக்கத்தில் வந்துவிட்டால், அதே மண்ணைச் சதுர அடிக் கணக்கில் விற்கலாம். ஒரு மரம் இருபத்தைந்து ஆண்டில் கொடுக்கும் வருமானத்தை, அது நிற்கும் இடம் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடும். இந்தக் கணக்கு தெரிந்த தோட்டக் கம்பெனி பாலையும் குலையையும் நம்பிக்கொண்டிருக்குமா? அதுவே வீடு கட்டும் கம்பெனியாக மாறிவிடும், அல்லது கட்டுகிறவனுக்கு விற்றுவிடும். சுபாங் ஜெயா, புக்கிட் ஜெலுத்தோங், எல்மினா எல்லாம் இப்படித் தோட்டமாயிருந்து தாமான் ஆனவையே.

மாநில அரசுக்கும் இதில் வரும்படி உண்டு. நம் நாட்டில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும்போது மாநிலத்துக்குப் பிரிமியம் கட்ட வேண்டும். சாலை போட்ட கம்பெனிக்கு டோல். வங்கிக்கு வீட்டுக் கடன், கார்க் கடன். எல்லாருக்கும் பங்கு உள்ள விருந்து இது. இலை போடாதது லயத்துக்கு மட்டும்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டத்தின் மேல் எழும்பிய தாமான் கார் இல்லாமல் வாழ முடியாத தாமான். பழைய கோலாலம்பூரில் கடை ஒரு தெரு, வீடு ஒரு தெரு, வேலை அடுத்த தெரு. புதிய தாமானில் வீடு ஓரிடம், கடை ஓரிடம், வேலை இருபது கிலோமீட்டருக்கு அப்பால். 1985-ல் புரோட்டோன் சாகா வந்தது, அதைச் செய்த தொழிற்சாலையும் ஷா ஆலாமில்தான். 1994-ல் பெரோடுவா கஞ்சில் வந்து, சின்னச் சம்பளக்காரனும் மாதத் தவணையில் கார் வாங்கினான். கார் வாங்கினவனுக்கு ரோடு வேண்டும், ரோடு வந்தால் இன்னும் தூரத்தில் தாமான் கட்டலாம், தூரத்துத் தாமானில் இருப்பவனுக்குக் கார் வேண்டும். செக்குமாட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தோட்டம் உள்ளே போய்விடுகிறது.

பொதுப் போக்குவரத்து பின்னால்தான் ஓடி வந்தது. 1975-ல் வந்த மினி பஸ்தான் பல ஆண்டுகள் ஏழைகளின் கைத்தடியாக இருந்தது. அதையும் 1998-ல் நிறுத்திவிட்டார்கள். மின்சாரக் கம்யூட்டர் ரயில் 1995-லும், எல்.ஆர்.டி. 1996-லும், எம்.ஆர்.டி. 2016 கடைசியிலும்தான் ஓடின. அதற்குள் ஊர் காரின் அளவுக்குத் தைத்த சட்டையாகிவிட்டது. 2023 முடிவில் நாட்டில் பதிவாகியிருந்த வாகனங்கள் 3 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். ஓடாமல் கிடப்பவையும் அதில் சேர்த்தி என்றாலும், ஜனத்தொகையைவிட வாகனத்தொகை கூடிவிட்டது.

லயத்துக்கு என்ன ஆச்சு?

சாலைக்காகவோ அரசுத் திட்டத்துக்காகவோ நிலத்தை எடுத்தால், 1960-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி நஷ்டஈடு உண்டு. யாருக்கு? நிலத்தில் பாத்தியதை உள்ளவருக்கு. மூன்று தலைமுறையாக அதே லயத்தில் பிறந்து, அதே காட்டில் வேலை செய்து, அதே மண்ணில் பெற்றவர்களைப் புதைத்திருந்தாலும் பாட்டாளிக்கு அந்த மண்ணில் பாத்தியதை இல்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். மற்றத் தொழிலாளிக்கு வேலை போனால் ஒரு அடி, தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் ஒரே நாளில் இரண்டு அடி.

கையில் என்ன கிடைக்கும்? 1980-ம் ஆண்டு வேலை நீக்க, ஆட்குறைப்புச் சலுகை விதிகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 ஆண்டு உழைத்தவருக்கு 600 நாள் சம்பளம். 2025-ல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பன்னிரண்டு மாதச் சம்பளத்தை ஆண்டின் நாட்களால் வகுத்தால் ஒரு நாளுக்கு 56 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. 600 நாளுக்குச் சுமார் 33,500 வெள்ளி. மலிவு விலை வீட்டுக்கு 1998-ல் அரசு வைத்த உச்ச விலையே 42,000 வெள்ளி. ஒரு ஆயுள் உழைப்பின் நஷ்டஈடு இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தின மலிவு வீட்டு விலைக்குக்கூட எட்டவில்லை!

புத்ரா ஜெயாவைப் பாருங்கள். 4,900 ஹெக்டருக்கும் மேல் பரந்த அந்த நிர்வாகத் தலைநகர் பெராங் பெசார் தோட்டத்தின் மேல் எழும்பியது. 1921-ல் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரர்கள் அதைத் திறந்தார்கள், "பெரும் போர்" என்பதுதான் அந்தப் பேரின் பொருள். அங்கே உருவாக்கிய "பி.பி." ரகக் கன்றுகள் நாடு முழுவதும் போயின. 1995-ல் கட்டுமானம் தொடங்கியது. பெராங் பெசாரையும் பக்கத்துத் தோட்டங்களையும் சேர்ந்த நம் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வீடுகளில் கண்ட விரிசலையும், சொந்தத் தரைவீட்டுக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் மனுவும் கையுமாக நடந்ததையும் பத்திரிகை படிப்பவர்கள் மறந்திருக்க முடியாது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்கு அரங்கம் எழும்பிய புக்கிட் ஜாலிலிலும் அதே கதைதான். அரங்கத்தின் விளக்கு வெளிச்சம் விழும் தூரத்தில், அங்கே மிஞ்சிய தோட்டக் குடும்பங்கள் வீட்டுக்காகப் பல ஆண்டு போராடின.

பள்ளிக்கூடங்களைப் பார்த்தாலும் விஷயம் தெரியும். எபிங்ஹாம், சீபீல்டு, காசல்பீல்டு தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்துப் பேரைத் தாங்கிக்கொண்டு இன்று நகரத்தில் நிற்கின்றன. தோட்டம் போய்விட்டது, பேர் மட்டும் பள்ளிப் பலகையில் மிச்சம்.

வெளியே போனவர்களின் பாடு

தோட்டத்தை விட்டுப் போனவர்கள் அடுக்குமாடியின் நாலாவது மாடியில் இருக்கிறார்கள். கோழி வளர்க்க முடியாது, கீரை போட முடியாது, மாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. லயத்தில் அடி வைத்தால் வேலை, ஆயாக்கொட்டகை, கோயில், பள்ளிக்கூடம். இங்கே எதற்கும் வண்டி வேண்டும். கார் வாங்க முடியாதவன் மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிரட்டுக்கு நடந்த பரம்பரை, இன்று அதே ஐந்து மணிக்கு லாரிகளுக்கு நடுவே தொழிற்சாலைக்கு ஓடுகிறது.

மோட்டார் சைக்கிளுக்கு நெடுஞ்சாலையில் டோல் கிடையாது என்பது உண்மை. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை 1970-களிலேயே போட்டதும் பாராட்டத்தக்கதே. ஆனால் இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அந்தச் சாவுகளில் எத்தனை சம்பள வீடுகளின் விளக்கு அணைந்தது என்பதை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதாது.

அப்படியானால் சாலையே வேண்டாமா?

நாம் அப்படிச் சொல்லவில்லை. மண்சாலையில் லாரியின் பின்னால் படுக்கவைத்துப் பிரசவத்துக்குக் கொண்டுபோன காலத்தைத் திரும்பக் கேட்க எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள். பால் வாளியைப் பிள்ளைகளும் தூக்க வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டதில்லை. ஷா ஆலாம் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள், சிலர் மேலே படித்து நல்ல நிலைக்கும் வந்தார்கள். அதற்கெல்லாம் ரோடு உதவியது. மறுப்பதற்கில்லை.

நாம் கேட்பது வேறு. நிலத்தின் விலை பத்து மடங்கு, நூறு மடங்கு ஏறும்போது, அந்த நிலத்தைக் காட்டிலிருந்து தோட்டமாக்கிய கைகளுக்கு ஏறின விலையில் ஒரு கை மண் பங்கில்லையா? ஆயிரம் ஏக்கரில் வீடு கட்டுகிறவர், அங்கே ஏற்கனவே குடியிருப்பவருக்கு அதே மண்ணில் சொந்த வீடு கொடுப்பது தர்மமா, நியாயமா என்று கேட்டால், நாம் இரண்டும்தான் என்போம்.

இன்னும் ஒரு செய்தி. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த 2,000 ஏக்கருக்கும் மேலான நிலத்தில் இப்போது குவாசா டாமான்சாரா எழும்புகிறது. அதைக் கட்டுவது ஊழியர் சேம நிதியின் சொந்தக் கம்பெனி. சேம நிதி யாருடையது? மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய நம்முடையது. ரப்பர் நிலத்தில், தொழிலாளியின் சேமிப்பில் எழும்பும் நகரத்தில் தொழிலாளி வாங்கக்கூடிய வீடு எத்தனை என்று கேட்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். 1976-ம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டப்படி நகராண்மைக் கழகம் உள்ளூர்த் திட்ட நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். உங்கள் தோட்டம் அந்த வரைபடத்தில் பச்சையாக இருக்கிறதா, வேறு நிறமா என்று பார்க்கப் படித்த பிள்ளைகளை அனுப்புங்கள். நிறம் மாறியிருந்தால் அன்றே கிளைக் கூட்டம் போடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு பேசுவது வெள்ளம் போன பின் அணை கட்டுவது.

இரண்டாவது, கையெழுத்து. "சும்மா ஒரு தாள்தான், கையெழுத்துப் போடு" என்று யார் சொன்னாலும் சங்கத்திடம் காட்டாமல் போடாதீர்கள். தானாக வேலையை விட்டதாக எழுதிக் கொடுத்தால், சட்டம் கொடுக்கும் சலுகைப் பணம் கைநழுவிவிடும். ஐந்து ஆண்டுக்கு மேல் சேவை செய்தவருக்குக் குறைந்தது 8 வார நோட்டீஸ் உண்டு. தோட்டம் கைமாறினால், புதிய முதலாளி ஏழு நாளுக்குள் குறையாத நிபந்தனைகளோடு வேலை கொடுக்க முன்வருகிறாரா என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஏமாற்றம் நடந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். பழைய சம்பளச் சீட்டுகளைப் பெட்டியில் பூட்டி வையுங்கள், அதுதான் நம் பட்டா.

மூன்றாவது, வீடு பற்றிய வாக்குறுதி எழுத்தில் இருக்க வேண்டும். எந்த இடம், எத்தனை வீடு, தரைவீடா மாடியா, பேர் மாற்றம் எப்போது, பள்ளிக்கும் கோயிலுக்கும் இடம் எது, பஸ் எது என்று ஒவ்வொன்றாக. மேடையில் சொன்ன வாக்கு மைக்கை நிறுத்தினதும் போச்சு.

நான்காவது, சேர்ந்து வாங்கும் பழக்கம். 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது, துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி என்று பாட்டாளிகள் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். கையில் ஒன்றுமில்லாதவர்கள் என்று ஊர் நினைத்தவர்கள் செய்த காரியம் அது. இன்று பிள்ளைக்கு முதல் சம்பளம் வந்ததும் ஒன்பது ஆண்டுத் தவணையில் கார் எடுக்கும் வீடுகளுக்கு நாம் சொல்வது: கார் வருஷத்துக்கு வருஷம் விலை இறங்கும், வீட்டு மனை ஏறும். எதை முதலில் வாங்குவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

சிலாங்கூரில் தோட்டங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. கோல சிலாங்கூர் பக்கமும் உலு சிலாங்கூர் பக்கமும் நெடுஞ்சாலை நெருங்கி வந்துகொண்டிருக்கிறது. காட்டில் இன்று நம்மோடு வங்காளதேசத்துத் தொழிலாளியும் இந்தோனேசியத் தொழிலாளியும் நிற்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சட்டங்களை எடுத்துச் சொல்ல நாதியில்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டு, இந்த வாரமே உங்கள் கிளைத் தலைவரைப் பார்த்து, நகராண்மைக் கழகத்தில் திட்ட வரைபடம் எப்போது பார்வைக்கு வருகிறது என்று விசாரியுங்கள்.